தொட்டியிலிருந்து மோட்டார் அறைக்குத் தகவல் அனுப்ப எந்த மலிவான வயர்லெஸ் மாட்யூல் ஏற்றது?

தோப்புக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தென்னந்தோப்பின் மேட்டில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து, ஏறத்தாழ 600 மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்று மோட்டார் அறைக்கு அனுப்பி, தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவி ஒன்றை வடிவமைத்து வருகிறேன். இடையில் முழுக்கத் தென்னைகள்தாம். தொட்டிப் பக்கம் மின் இணைப்பு இல்லாததால் அந்த முனை பேட்டரியில்தான் ஓட வேண்டும். இரு முனைகளிலும் ஆர்டுயினோ புரோ மினி என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகையைப் பயன்படுத்துகிறேன். என்ஆர்எஃப்24எல்01+ என்ற வயர்லெஸ் மாட்யூல் மிக மலிவாகக் கிடைக்கிறது; எச்சி-12, ரா-02 லோரா (லோரா என்பது குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு அனுப்பும் ரேடியோ முறை), வைஃபை மாட்யூலான இஎஸ்பி8266 ஆகியவற்றையும் நண்பர்கள் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

சால்டர்:
இஎஸ்பி8266ஐ முதலிலேயே விட்டுவிடலாம். வைஃபை அந்தத் தொலைவுக்கு எட்டாது என்பதோடு, அனுப்பும்போது 170 மில்லிஆம்பியர் வரை இழுப்பதால் பேட்டரிக்கும் சுமை. என்ஆர்எஃப்24எல்01+ வீட்டுக்குள் நான் விரும்பிப் பயன்படுத்தும் மாட்யூல். ஆனால் அதன் திறன் அதிகபட்சம் 1 மில்லிவாட்தான். ஆம்ப்ளிஃபயரும் வெளி ஆன்டெனாவும் சேர்ந்த வகைக்குக் கடைகளில் 1 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தாலும், அது வெட்டவெளிக் கணக்கு. அதிர்வெண் உயர உயர ஈரமான மட்டைகளும் இலைகளும் அலையை அதிகமாக விழுங்கும் என்பதால், இந்த மாட்யூல் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸை நம்பி 600 மீட்டர் தோப்பைக் கடக்க நினைப்பது சரியல்ல. ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே வாருங்கள்.

அலைவரிசை:
மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். ஆனால் கீழே எந்த அலைவரிசை என்பதையும் பார்க்க வேண்டும். எச்சி-12, ரா-02 இரண்டும் 433 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. இந்தியாவில் அந்த அலைவரிசைக்கு உரிம விலக்கு 10 மில்லிவாட்டுக்கு உட்பட்ட, கட்டடத்துக்குள் பயன்படும் கருவிகளுக்கானது; எச்சி-12 முழுத் திறனில் 100 மில்லிவாட் அனுப்பும். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியோ 2005ஆம் ஆண்டு விதிகளின்படி 1 வாட் திறன், 200 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் அகலம் என்ற வரம்புக்குள் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. லோராவில் வழக்கமாக வைக்கும் 125 கிலோஹெர்ட்ஸ் அகலம் அதற்குள் பொருந்தும். 250 வைத்தால் வரம்பு மீறிவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரா-02இல் இருக்கும் எஸ்எக்ஸ்1278 சிப் 525 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. மென்பொருளில் 866 என்று எழுதினாலும் பயனில்லை. எனவே ரா-01எச் அல்லது ஆர்எஃப்எம்95டபிள்யூ மாட்யூலை வாங்குங்கள். விலை சற்றுக் கூடும், ஆனால் கூடுதல் தொகை நியாயமானதே. இவை 3.3 வோல்ட்டில் இயங்குபவை. என்ஆர்எஃப்24 5 வோல்ட் சிக்னலைத் தாங்கும்; இவை தாங்கா. ஆகவே புரோ மினியிலும் 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் வகையையே எடுங்கள்.

தோப்புக்காரன்:
மிக்க நன்றி. ரா-01எச் எடுக்கிறேன். பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதுதான் இப்போது கவலை. தொட்டி நிரம்பும்போது மட்டும் ஒரே ஒரு செய்தி அனுப்பினால் போதுமல்லவா?

பழைய சர்க்யூட்:
ஐயா, அப்படி மட்டும் செய்துவிடாதீர்கள். எந்த மாட்யூலை வாங்கினாலும் சில செய்திகள் தொலையத்தான் செய்யும். அந்த ஒரே செய்தி தொலைந்தாலோ, தொட்டிப் பக்கத்துப் பேட்டரி இறங்கினாலோ, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கிணறு வற்றி மோட்டார் எரிந்துபோகவும் கூடும். தர்க்கத்தைத் தலைகீழாக மாற்றுங்கள். "இன்னும் இடம் இருக்கிறது" என்ற செய்தி 2 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால்தான் மோட்டார் ஓட வேண்டும். தொடர்ந்து மூன்று செய்திகள் வராவிட்டால் தானாக நிற்க வேண்டும்.

பேட்டரிக்கு இது பாரமாகாது. ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (லோராவில் செய்தியை எவ்வளவு நேரம் நீட்டி அனுப்புவது என்ற அமைப்பு) 9, அகலம் 125 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் 10 பைட் செய்தி ஏறத்தாழ 0.15 விநாடியில் போய்விடும். அந்நேரம் 90 மில்லிஆம்பியர் இழுத்தாலும் 2 நிமிடத்துக்குப் பரப்பிப் பார்த்தால் சராசரி 0.11 மில்லிஆம்பியர்தான். உறக்கத்தில் லோரா சிப் எடுப்பது ஒரு மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. பேட்டரியை உண்மையில் தின்பது புரோ மினியின் பவர் எல்இடியும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரும் ஆகும், இரண்டையும் கழற்றிவிடுங்கள். நீர்மட்ட சென்சாருக்கும் அளக்கும் நேரத்தில் மட்டும் மின்சாரம் கொடுங்கள்.

தோப்புக்காரன்:
இது எனக்குத் தோன்றவே இல்லை; அப்படியே மாற்றிவிடுகிறேன். ஆன்டெனா தனியாக வாங்க வேண்டுமா?

அலைவரிசை:
தொட்டிப் பக்கம் 8.6 சென்டிமீட்டர் ஒற்றைக் கம்பியைச் செங்குத்தாகப் பற்றவைத்தாலே போதும். 866 மெகாஹெர்ட்ஸுக்கு அது கால் அலைநீளம். மோட்டார் அறைக்குத் தகரக் கூரை என்றால் ஆன்டெனாவை வெளியே, கூரைக்கு மேலே ஏற்றிக் குறுகிய கேபிளில் இணையுங்கள். ஆன்டெனா இல்லாமல் மட்டும் ஒருபோதும் முழுத் திறனில் அனுப்பிப் பார்க்காதீர்கள். திரும்பிவரும் ஆற்றல் மாட்யூலின் வெளியீட்டுப் பகுதியைக் கெடுத்துவிடக்கூடும்.