கரிசலாங்கண்ணி எண்ணெயில் முடி வளர்ந்ததா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தக்கலையிலிருந்து:

பிரசவம் முடிந்து மூன்று நான்கு மாதத்தில் எனக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது, தலையணையில், சீப்பில், குழந்தையின் விரலிடுக்கில் என்று எங்கு பார்த்தாலும் முடிதான். மாமியார் எண்ணெய் காய்ச்சினார்கள். வயல் வரப்பில் பறித்த கரிசலாங்கண்ணி, செம்பருத்தி இலை, நெல்லிக்காய் எல்லாம் இடித்துப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் சேர்த்து, எங்கள் தோப்புத் தேங்காய் எண்ணெயில் விறகடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்து, கல்கம், அதாவது எண்ணெயில் வேகும் மூலிகைச் சக்கை, மணல் மாதிரி ஆகும் மணல் பதம் வந்ததும் இறக்கினார்கள். திரியில் தொட்டுக் கொளுத்தினால் படபடவென்று பொரியக் கூடாதாம், பொரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, எண்ணெய் கெட்டுவிடும். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் நெற்றியோரம் குட்டி முடியாக முளைத்துவிட்டது. ஆனால் வளைகுடாவில் இருக்கிற என் நாத்தனாருக்கும் பிரசவத்துக்கு அப்புறம் இப்படித்தான் கொட்டியது, அவள் எந்தத் தைலமும் தொடவில்லை, அவளுக்கும் திரும்ப வந்துவிட்டது. யாராவது இதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறீர்களா?

நாகர்கோவிலிலிருந்து:

அக்கா, உங்கள் நாத்தனார் கதைதான் முக்கியம். பிரசவம், டெங்கு, டைபாய்டு எது வந்தாலும் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும், பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். அந்த நேரத்தில் தலையில் எதைத் தேய்த்தோமோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. பார்மசி படிக்கும்போது நாங்கள் எலியின் முதுகை மழித்து, ஒரு கூட்டத்துக்கு மூலிகைச் சாறு, ஒரு கூட்டத்துக்கு முடி வளரத் தடவும் மருந்தான மினாக்சிடில், இன்னொன்றுக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு என்று தடவிப் பார்த்தோம். வெறும் களிம்பு தடவிய எலிக்கும் முடி வரும், எது எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் கேள்வி. 2003இல் வந்த செம்பருத்தி ஆய்வில் பூவை விட இலைச் சாறு நன்றாக வேலை செய்தது, 2008இல் கரிசலாங்கண்ணிக்கும் எலியில் நல்ல பலன் கிடைத்தது. இரண்டிலும் பயன்படுத்தியது பெட்ரோலியம் ஈதர் என்ற ரசாயனக் கரைப்பானில் இறக்கிய சாறு, நம் வீட்டில் காய்ச்சுகிற எண்ணெய் இல்லை. இதைச் சொல்லாமல் 'ஆராய்ச்சியில் நிரூபணம்' என்று பாட்டிலில் அச்சடிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:

எனக்குப் பரம்பரை வழுக்கை, அப்பாவுக்கும் இப்படித்தான். நீலிபிருங்காதி என்கிற ஆயுர்வேதத் தலைத்தைலம் ரொம்ப நாள் தேய்த்தேன், இருக்கிற முடி மினுமினுப்பாக இருந்தது, உச்சியில் ஒன்றும் முளைக்கவில்லை. எங்கள் ஊர் ஆசான், நாட்டு வைத்தியர், நேராகவே சொன்னார், "மக்களே, பளபளன்னு ஆன இடத்துல எண்ணெய் ஒண்ணும் செய்யாது, இருக்கதக் காப்பாத்தப் பாரு." மரியாதைக்குரிய மனிதர், விற்பதற்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. இப்போது தோல் மருத்துவரிடம் போகிறேன், தைலம் வாரத்துக்கு ஒருமுறை குளிர்ச்சிக்கு மட்டும்.

அக்கா, மாமியாரிடம் இலை எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள், என் தங்கைக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்திருக்கிறது.