விளம்பரத்தில் என் நாரைப் படம்: புகாரை நானே அனுப்பலாமா?

வேடந்தாங்கலில் நான் எடுத்த சங்குவளை நாரைப் படத்தை ஒரு சுற்றுலா நிறுவனம் கேட்காமலே தன் இணைய விளம்பரத்தில் போட்டிருக்கிறது.

எடுத்தது 2024 ஜனவரி, நிக்கான் டி500 கேமரா, 200-500 லென்ஸ். கூட்டுக்குச் சுள்ளி கொண்டுவந்து இறங்கும் நாரை. கீழே இடது மூலையில் என் பெயர் இருந்தது. அதை வெட்டியெடுத்ததில் பறவையின் கால் விரல்களும் போய்விட்டன. பார்க்கவே வயிறு எரிகிறது. பெயரோடு யார் பகிர்ந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் வியாபாரத்துக்கு என்றால் அனுமதி கேட்க வேண்டாமா?

இன்பாக்ஸில் எழுதினேன், பதில் இல்லை. பதிவின் கீழே கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்கள். அப்புறம் அந்த விளம்பரம் வந்த தளத்தின் புகார் படிவத்தை நிரப்பினேன். தானியங்கிப் பதிலோடு சரி. ரா ஃபைல் (கேமராவில் பதிவான மூலக்கோப்பு), ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கைவசம் உண்டு.

2013 பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி, எழுத்துமூலப் புகாரில் நியாயம் இருப்பதாகத் தெரிந்தால் தளம் 36 மணி நேரத்தில் படத்தை முடக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். நீதிமன்றம் வரை போக வேண்டிவருமோ என்றுதான் யோசிக்கிறேன்.

இந்தப் புகாரை வக்கீல் இல்லாமல் தானே அனுப்பிப் படத்தை எடுக்கவைத்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?