ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி:
கல்லடியில் ஒரு டியூஷன் வகுப்புக்கு 12 கணினிகளில் உபுண்டு போட்டுக் கொடுக்கிறேன், மென்பொருள்களை நிறுவ ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். நேற்று சுடோ (ரூட் எனும் நிர்வாகிப் பயனரின் முழு அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) இல்லாமல் ஓட்டிவிட்டேன். பாதி நடந்து பாதி ‘பெர்மிஷன் டினைட்’ என்று நின்றது, எது நடந்தது எது நடக்கவில்லை என்று தேடவே இரவு போய்விட்டது. தொடக்கத்தில், பயனர் பெயரை வைத்திருக்கும் யூசர் மாறியில் ரூட் என்று இருக்கிறதா பார்த்தால் போதுமா?

அக்கரைப்பற்றிலிருந்து:
தம்பி, பெயரை நம்பவே வேண்டாம். வேறு பயனராக மாறும் சு கட்டளையை ‘-’ கோடு போடாமல் வெறுமனே அடித்து ரூட்டுக்குப் போனால் அந்த மாறியில் பழைய பெயர்தான் கிடக்கும். பயனர் இலக்கத்தைப் பாருங்கள்: ஐடி கட்டளையை ‘-யு’ போட்டு ஓட்டினால் ரூட்டுக்கு 0 வரும். வேறு இலக்கம் வந்தால் ‘சுடோவோடு ஓட்டவும்’ என்று ஸ்டாண்டர்ட் எரரில் (பிழைச் செய்திகள் போகும் வழி) எழுதி, தோல்வி என்று காட்டும் எக்சிட் 1 கொடுத்து முதல் வரிகளிலேயே வெளியேறிவிடுங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
நான் பயனர் இலக்கத்தை வைத்திருக்கும் இயுஐடி மாறியைத்தான் பாவிக்கிறேன், அதிலும் அதே இலக்கம்தானே.

அக்கரைப்பற்றிலிருந்து:
பாஷ் என்ற ஷெல்லில் சரி தங்கச்சி. உபுண்டுவில் எஸ்எச் என்று கூப்பிட்டால் வருவது டாஷ் என்ற வேறு ஷெல், அதில் இயுஐடி வெறுமையாக இருக்கும். ஐடி இரண்டிலும் வேலை செய்யும்.

கேட்டவர்:
சரி அண்ணே, மாற்றிவிட்டேன். சுடோ இல்லாமல் ஓட்டினேன், ஒரு கோப்பையும் தொடாமல் நின்றது.