ஆத்தங்கரைக் கல்மண்டபத்துக்கு வெளிநாட்டு அமைப்புகள் உதவுமா?

சேரன்மகாதேவிக்காரன்:
எங்க படித்துறை மண்டபத்துல அரசமரம் வேர்விட்டு, உத்தரக்கல்லு பிளந்து நிக்கு. 2023 டிசம்பர் வெள்ளம் அஸ்திவாரத்தையும் அரிச்சிட்டு. மனு குடுத்துப் பலனில்ல. யுனெஸ்கோவுக்கு எழுதலாமா அண்ணாச்சி?

பொருநைக்கரை:
யுனெஸ்கோ பட்டியலுக்கு அரசாங்கம்தான் பரிந்துரைக்கணும், தம்பி. ஆனா நியூயார்க்குல வேர்ல்டு மானுமென்ட்ஸ் ஃபண்ட்னு ஒரு அமைப்பு இருக்கு. அவங்க 1995-ல தொடங்கின கண்காணிப்புப் பட்டியலுக்கு ஊர்க்காரங்களே விண்ணப்பிக்கலாம். பட்டியல்ல வந்தாலே பணம் வந்துரும்னு நம்பிராதீங்க. உலகம் பாக்குதுன்னு தெரிஞ்சா இங்க உள்ளவங்க பதில் சொல்லியாகணும், அதுதான் பலம். ஹம்பியில பாலம் கட்டுனாங்கன்னு 1999-ல யுனெஸ்கோவோட ஆபத்துப் பட்டியல்ல சேத்தாங்க. போக்குவரத்துக் கட்டுப்பாடு, மேலாண்மைத் திட்டம்னு வேலை நடந்த பிறகு, 2006-லதான் எடுத்தாங்க. அந்த ஏழு வருச நெருக்கடிதான் வேலை செஞ்சது.

முறப்பநாட்டான்:
ஹம்பி ஏற்கெனவே உலகப் பாரம்பரியச் சின்னம். நம்ம மண்டபம் தொல்லியல் துறைப் பட்டியல்லயே இல்லையே?

பொருநைக்கரை:
நியாயமான கேள்வி. அதனால முதல்ல ஆவணம் வேணும். கல்வெட்டு இருந்தா மாவு தேய்ச்சிராம, சாய்வெளிச்சத்துல படம் எடுங்க. தூண் தூணா அளந்து வரைஞ்சு வைங்க. புல எண், நிலம் யார் பேர்ல இருக்குன்னு தாலுகா ஆபீஸ்ல கேளுங்க. வெளிநாட்டுக்காரங்களும் இதையெல்லாம் கேப்பாங்க, மாநிலத் தொல்லியல் துறையும் கேக்கும். மரத்தை மட்டும் நீங்களா பிடுங்கிராதீங்க. வேரை இழுத்தா உத்தரமும் சேந்து வந்துரும், என் மனசு பதறுது.

சேரன்மகாதேவிக்காரன்:
ஞாயித்துக்கிழமை பயலுவளோட போயி அளவெடுக்கோம் அண்ணாச்சி. படத்தை இங்கயே போடுதேன்.