ஏதென்ஸ் ஆய்வு உதவித்தொகை: விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்

நண்பர்களே, வணக்கம். பழங்கிரேக்க ஆம்போரா சாடிகள் (மது, எண்ணெய் கொண்டுசெல்லப் பயன்பட்ட இரு கைப்பிடிச் சாடிகள்) குறித்த ஆய்வில் முனைவர் பட்டம் முடித்திருக்கிறேன். அடுத்து ஏதென்ஸில் ஓராண்டாவது தங்கி ஆய்வைத் தொடர வேண்டும். சொந்தச் செலவில் போகும் வசதி இல்லை.

ரோட்ஸ் தீவுச் சாடியின் கைப்பிடியில் சிறு முத்திரை இருக்கும். சிலவற்றில் நடுவே ஒரு ரோஜா, அதைச் சுற்றிக் கிரேக்க எழுத்துகள். அத்தீவில் ஹீலியோஸ் என்னும் சூரியக் கடவுளின் பூசாரி ஆண்டுதோறும் மாறுவார். முத்திரையில் அவர் பெயரைப் படித்துவிட்டால் சாடியின் காலம் பிடிபட்டுவிடும். அமெரிக்கத் தொல்லியலாளர் விர்ஜினியா கிரேஸ் பல்லாண்டுகள் உழைத்துத் தொகுத்த முத்திரை ஆவணங்கள் ஏதென்ஸின் பழஞ்சந்தைத் திடலான அகோராவின் அட்டாலோஸ் மண்டபத்தில் இருக்கின்றன. அவற்றை நேரில் பார்க்காமல் என் ஆய்வு நகராது. நம் அரிக்கமேட்டிலும் கோஸ் (கிரேக்கத் தீவு) வகைச் சாடித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன அல்லவா!

ஏதென்ஸிலுள்ள தொல்லியல் ஆய்வு நிறுவனங்களான அமெரிக்கப் பள்ளி, பிரிட்டிஷ் பள்ளி, மற்றும் ஒனாசிஸ் அறக்கட்டளை ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பார்த்து வருகிறேன். இந்தியக் கடவுச்சீட்டோடு விண்ணப்பித்து உதவித்தொகை பெற்றவர் யாரேனும் இங்கே உண்டா? பரிந்துரைக் கடிதங்களை யாரிடம் வாங்கினீர்கள்? நவீன கிரேக்கம் எந்த அளவுக்குத் தேவைப்பட்டது? என் நான்கு பக்க ஆய்வுத் திட்டத்தை யாராவது படித்துத் திருத்தம் சொன்னால் பேருதவியாக இருக்கும்.