இரணைமடுவின் மேல் எதிரே வந்த விமானத்தை நான் ஏன் காணவில்லை? உதவி தேவை

கிளிநொச்சி மாணவி:
வணக்கம். நான் கிளிநொச்சியைச் சேர்ந்தவள். விமானி உரிமத்துக்காகப் பயின்று வருகிறேன். கடந்த கிழமை, வி.எப்.ஆர். எனப்படும் கட்புலப் பறப்பு விதிகளின்படி, பயிற்றுநருடன் சிறிய செஸ்னா விமானம் ஒன்றில் வவுனியாவைக் கடந்து வடக்கே பறந்துகொண்டிருந்தேன். ஏ9 வீதியை நேர் கீழே வைத்துக்கொண்டு 2,500 அடியில் சென்றோம். இரணைமடுக் குளத்தை அணுகியபோது பயிற்றுநர் திடீரெனக் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு எடுத்து விமானத்தை வலப்புறம் சாய்த்தார். மறுகணம், எங்கள் உயரத்திலேயே எதிரே வந்த இன்னொரு சிறு விமானம் இடப்பக்கமாகக் கடந்து போனது.

நான் கவனமின்றி இருக்கவில்லை. இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டியபடியே இருந்தேன். எமது நிலையை வானொலியிலும் அறிவித்திருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தும் ஏன் தெரியவில்லை? வேறு உயரத்தில் பறந்திருந்தால் இது நேர்ந்திராதா? அன்றிலிருந்து மனம் அமைதியாக இல்லை.

முல்லைத்தீவுப் பயிற்றுநர் (இப்போது வெளிநாட்டில்):
தங்கச்சி, கண்ணை ஓட்டியபடியே இருந்தீர்கள் என்பதிலேயே விடை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கண் எதையும் கூர்மையாகக் காண்பதில்லை; அது ஓரிடத்தில் நிற்கும்போதுதான், அதுவும் மையத்தின் இரண்டு பாகை அளவிலான சிறு வட்டத்துக்குள்தான், தெளிவான பார்வை கிடைக்கிறது. ஆகவே வானத்தைப் பத்துப் பாகைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு செக்கனாவது கண்ணை நிறுத்த வேண்டும். வெறும் வானத்தைப் பார்க்கும் கண் தன்னையறியாமல் ஓரிரு மீற்றர் தூரத்துக்குக் குவிந்துவிடும் என்பதால், இடையிடையே அடிவானத்தையோ குளக்கட்டையோ பார்த்துக் கண்ணைத் தூரத்துக்கு மீட்டெடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை நான் பறக்கப் படித்த இடத்தில் கற்கவில்லை. முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்த என் அப்பாவிடம் கற்றேன். இரவில் வேறொரு படகின் விளக்கு நம் படகின் முன்முனையான அணியத்துக்கு முன்னாலோ பின்னாலோ நகர்ந்துகொண்டிருந்தால் பயமில்லை என்றும், அது ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டு வந்தால் உடனே விலக வேண்டும் என்றும் அவர் சொல்வார். வானத்திலும் அதே கணக்குத்தான். மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் நகராது. பூச்சி அடிபட்ட கறை போல ஓரிடத்தில் நிற்கும். நகரும் பொருளே மனிதக் கண்ணை இழுக்கும் என்பதால், மோத வருவது எதுவோ அதுவே மிக எளிதாகத் தப்பிவிடுகிறது. கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் அது ஒளிந்துவிட்டால் ஒளிந்தபடியே இருக்கும். ஆகவே தலையையும் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும்.

இரு விமானங்களும் 100 நொட் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் நேருக்கு நேர் வந்தால் நெருங்கும் வேகம் 200 நொட். கண்டு, உணர்ந்து, முடிவெடுத்து, விமானம் திரும்பத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 12.5 செக்கன்கள் தேவை என்பது பயிற்சி நூல்கள் தரும் கணக்கு. அதற்குள் ஏறத்தாழ 1.3 கிலோமீற்றர் தீர்ந்துவிடும். அத்தொலைவில் பத்து மீற்றர் சிறகு முழுநிலவின் அகலத்தைக்கூட எட்டாது. விமானத்தின் உடலோ வெறும் புள்ளி. அதைக் கண்ட உங்கள் பயிற்றுநருக்கு நன்றி சொல்லுங்கள்.

மன்னார் வாசகர்:
அருகிலுள்ள விமானங்களைக் காட்டும் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் போதாதா?

ஓய்வுபெற்ற வான்வழிக் கட்டுப்பாட்டாளர், வவுனியா:
வைத்திருப்பது நல்லது, ஆனால் தன் இருப்பிடத்தை ஒலிபரப்பும் விமானத்தை மட்டுமே அது காட்டும். அந்த ஒலிபரப்பைச் செய்யும் ட்ரான்ஸ்பொண்டர் கருவி இல்லாத விமானமும், இரணைமடுவுக்கு மேல் எழும் நாரைக் கூட்டமும் அதில் வரா.

பிள்ளை, உயரம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல் மட்டமாகப் பறக்கும்போது, காந்தத் திசை (திசைகாட்டியில் வடக்கை 0 ஆகவும் கிழக்கை 90 ஆகவும் கொண்டு எண்ணுவது) 0 முதல் 179 பாகை வரையானால் 3,500, 5,500 என ஒற்றை ஆயிரத்துடன் 500 அடியும், 180 முதல் 359 வரையானால் 4,500, 6,500 என இரட்டை ஆயிரத்துடன் 500 அடியும் கொள்ள வேண்டும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வழி வடக்கிலிருந்து சற்றே மேற்காகச் சாய்ந்திருப்பதால் உங்களுக்கு 4,500 அடியும், எதிரே வருபவருக்கு 3,500 அல்லது 5,500 அடியும் அமைந்திருக்கும். நீங்கள் இருவரும் பறந்த 2,500 அடியில் இந்த ஒழுங்கு பொருந்தாது. யாரும் எந்த உயரத்திலும் இருக்கலாம்.

நீங்கள் வீதிக்கு நேர் மேலே பறந்ததும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. வன்னியில் காட்டுக்கு மேல் வழி தேடும் எவருக்கும் ஏ9 வீதியும், தொடருந்துப் பாதையும், பெரிய குளங்களுமே அடையாளங்கள் என்பதால் எல்லோரும் அதே கோட்டில்தான் வருகிறார்கள். வீதியை உங்கள் இடப்பக்கத்தில் வைத்து, அதற்கு வலப்புறமாக விலகிப் பறவுங்கள். எதிரே வருபவரும் அவ்வாறே செய்தால் இடைவெளி தானாக அமையும். தரையில் இடப்பக்கம் ஓடிப் பழகிய நமக்கு இது மாறாகத் தோன்றும். ஆனால் நேருக்கு நேர் வரும் விமானங்கள் இரண்டும் வலப்புறமே திரும்ப வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி.

கிளிநொச்சி மாணவி:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் 4,500 அடியில் பறந்தால் எனக்கு எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற வான்வழிக் கட்டுப்பாட்டாளர், வவுனியா:
நேர் எதிரே வரும் வாய்ப்புக் குறையும், குறுக்கே வரலாம். முல்லைத்தீவிலிருந்து மன்னாருக்குச் செல்பவரின் திசை ஏறத்தாழ 250 பாகை என்பதால் அவருக்கும் 4,500 அடிதான். மாங்குளத்துக்கு அருகில் அவர் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருவார். வலப்பக்கத்தில் மற்றவரைக் கொண்டிருப்பவரே வழிவிட வேண்டும் என்பதால் விலக வேண்டியவர் நீங்கள். அவருக்குப் பின்னால் கடந்து செல்லுங்கள். காலை வேளையாயின் அவர் சூரியனின் பக்கத்திலிருந்து வருவார் என்பதையும் நினைவில் வைத்து அந்தப் பக்கத்தை இருமுறை பாருங்கள்.

முல்லைத்தீவுப் பயிற்றுநர்:
ஐயா சொன்னதோடு ஒன்று: உங்கள் விமானத்தின் சிறகு மேலே இருப்பதால், திரும்பும்போது தாழும் சிறகு நீங்கள் திரும்பும் பக்கத்தையே மறைத்துவிடும். திரும்புவதற்கு முன் அந்தச் சிறகைச் சற்று உயர்த்தி, அப்பக்கம் வெறுமையாக இருப்பதைக் கண்ட பிறகே சாயுங்கள். பகலிலும் தரையிறங்கு விளக்கை எரியவிடுங்கள்.

கிளிநொச்சி மாணவி:
நேற்று மீண்டும் பறந்தேன். 4,500 அடி, வீதி இடப்பக்கச் சன்னலுக்குக் கீழே. மாங்குளத்துக்குத் தெற்கே கண்ணாடியில் நகராத புள்ளி ஒன்றைக் கண்டேன். தலையை அசைத்துப் பார்த்தபோது அது உண்மையிலேயே பூச்சிக் கறை. பயிற்றுநரிடம் சொன்னேன். அடுத்த முறை புறப்படுவதற்கு முன் கண்ணாடியை நானே துடைக்க வேண்டும் என்றார்.