‘தணிகாமாலை’ என்று சொல்லலாமா?

அன்புள்ள ஐயா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> பிறந்த குழந்தைக்கு வரும் ‘பிசியாலஜிக்கல் ஜாண்டிஸ்’ என்பதை ‘உடலியங்கியல் காமாலை’ என்று எழுதலாமா?

பாடநூலுக்கு அது பொருந்தலாம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் தாய்மார்களுக்கான துண்டறிக்கையில் வேண்டாம். அங்கே ‘மஞ்சள் காமாலை’ என்று காதில் விழுந்ததுமே கீழாநெல்லியைத் தேடுவார்கள். பிள்ளை பெற்றவளைப் பத்தியத்தில் வைப்பார்கள். அசுத்தமான தண்ணீரால் பெரியவர்களுக்குத் தொற்றும் கல்லீரல் அழற்சிக்கும் அதே பெயர் வழங்குவதுதான் காரணம். பச்சிளங்குழந்தைக்கு வேண்டியது தாய்ப்பால். இலைச்சாறு கூடவே கூடாது. நாம் வைக்கும் பெயரே இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

பிறந்த குழந்தைக்குச் சிவப்பணுக்கள் விரைவாகச் சிதைகின்றன. அதில் உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை வெளியேற்றும் அளவுக்குக் கல்லீரல் இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. இரண்டாம் மூன்றாம் நாளில் மஞ்சள் தெரிகிறது. நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே வடிந்துவிடுகிறது. அப்படித் தணிவதுதான் இதன் அடையாளம் என்பதால் ‘தணிகாமாலை’ என்று முன்மொழிகிறேன். வினைத்தொகை, ஆகவே இடையில் ‘க்’ மிகாது.

‘இயல்புக் காமாலை’ என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். எளிய சொல்தான், ஆனால் எனக்கு அதில் அச்சம் உண்டு. இயல்பு என்று படித்தவர் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது இயல்பே அல்ல. தாய்க்கும் சேய்க்கும் இரத்த வகை பொருந்தாமல் இருக்கலாம். பிலிருபின் மிகவும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம், காது கேளாமல் போகலாம்.

‘தணி’ என்பதும் அதே மெத்தனத்தைத் தராதா என்று கேட்பீர்கள். தரும். அதனால் மருத்துவர் பார்த்து உறுதி செய்த பிறகே அந்தச் சொல் வர வேண்டும். அதுவரை, காரணம் எதுவானாலும், பொதுவாகப் ‘பச்சிளங் காமாலை’ என்றே எழுதுவோம். ‘பிறவிக் காமாலை’யை அடியோடு விட்டுவிடலாம், வாழ்நாள் முழுவதும் இருக்கும் என்று தாய் கலங்கிப்போவாள்.

குழந்தையை ஒளியில் வைத்து மஞ்சளைக் குறைக்கும் ‘போட்டோதெரபி’க்கு ‘ஒளிச்சிகிச்சை’ போதும். வார்டில் ‘லைட்டில் வைத்திருக்கிறார்கள்’ என்றுதான் பேசுகிறார்கள். துண்டறிக்கையில் அதையும் சேர்ப்பது நல்லது.

பிலிருபின் மூளையில் படியும் ‘கெர்னிக்டெரஸ்’ நிலைக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘மூளைக் காமாலை’ என்றால் மூளைக்காய்ச்சலோடு குழம்புமா? வார்டில் பணியாற்றும் செவிலியர் யாராவது குழுவில் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து